1851 கமிஷனுக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கும் ஒரு திறந்த மடல்: நெய்தவங்க பேரு எங்க போச்சு?

மதிப்புக்குரிய ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம்.

1851 பொருட்காட்சிக்கான ராயல் கமிஷன்ல பொறுப்புல இருக்கறவங்களுக்கும், சவுத் கென்சிங்டன்ல இருக்கற விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தோட டிரஸ்டிகளுக்கும் சேர்த்துதான் இந்த லெட்டரை எழுதறேன். தனித்தனியா எழுத வேண்டியதில்ல, ஏன்னா நீங்க ரெண்டு பேரும் ஒரே வேர்ல முளைச்சவங்க. 1851ல ஹைட் பார்க்ல கண்ணாடி மாளிகை கட்டி நடத்தின அந்தப் பெரிய பொருட்காட்சியில செலவு போக சுமார் 1,86,000 பவுண்டு லாபம் மிஞ்சிச்சு, அந்தக் காசோட அரசாங்கப் பணமும் சேர்ந்து 87 ஏக்கர் போல நிலம் வாங்கினாங்க, இன்னிக்கு அங்க நிக்கற மியூசியங்க, காலேஜ், ஆல்பர்ட் ஹால் எல்லாமே அந்த நிலத்து மேல வந்ததுதான். கமிஷன் இன்னும் கலையல. 170 வருஷம் தாண்டியும் அந்தப் பணத்துல ஸ்காலர்ஷிப் குடுத்துட்டு இருக்கீங்க. விஞ்ஞானி ரூதர்ஃபோர்ட் வாங்கியிருக்காரு, டிராக் வாங்கியிருக்காரு, எங்க ஹோமி பாபாவும் வாங்கியிருக்காரு. நல்ல காரியம், அதுல எனக்கு எந்த மனஸ்தாபமும் இல்ல.

நான் ஆரணிப் பக்கம் நெசவுக் குடும்பத்துல பொறந்தவன். தாத்தா, அப்பா ரெண்டு பேரும் குழித்தறியில உக்காந்தவங்க, வீட்டுப் பொம்பளைங்க ஊடை நூலைத் தார்ல சுத்தி, பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு வளர்த்த வீடு. இது கோஹினூரைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கற லெட்டர் இல்ல. அது வேற வழக்கு, கேக்கறவங்க கேக்கட்டும், கேக்கவும் வேணும். நான் கேக்கறது அந்தப் பொருட்காட்சிகளுக்குத் துணி நெய்தவன், பானை வனைஞ்சவன், கார்ப்பெட் கட்டினவன், இவங்களுக்குச் சேர வேண்டியதைப் பத்தி.

1851ல இந்தியாவுக்கு எவ்வளவு பெரிய இடம் குடுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். மாளிகைக்கு நட்ட நடுவுல, மெயின் வழி ரெண்டும் குறுக்கே போற எடத்துக்குப் பக்கத்துலயே. மே 1ந்தேதி தொடங்கி அக்டோபர் 15 வரைக்கும் 60 லட்சம் டிக்கெட், அதுல ஒரு ஷில்லிங் நாள்ல வந்த ஏழை ஜனமும் சேர்த்தி. அந்த 60 லட்சம் பேர்ல இந்தியாப் பக்கம் எட்டிப் பாக்காதவங்க ரொம்பக் கம்மியாத்தான் இருந்திருப்பாங்க. ஏன்னா கூட்டத்தை இழுக்கற சாமான் அங்கதான் இருந்துச்சு. திருவாங்கூர் மகாராஜா அனுப்பின தந்த சிம்மாசனம் இருந்துச்சு, முடிவு விழாவுல இளவரசர் ஆல்பர்ட் உக்காந்தது அதுலதான். முர்ஷிதாபாத் நவாப் அனுப்பின அம்பாரி இருந்துச்சு, அதை ஏத்தி வைக்க யானை வேணுமேன்னு சாஃப்ரன் வால்டன்னு ஒரு சின்ன ஊர் மியூசியத்துல இருந்து பாடம் பண்ணின யானையை வாங்கிட்டு வந்து நிறுத்தினாங்க, அது ஆப்பிரிக்க யானை. காதைப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும், ஆனா தெரிஞ்சவங்களை யாரும் கேக்கல. அப்புறம் கோஹினூர். பத்து வயசுப் பையன் துலீப் சிங்கை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வச்சு வாங்கின கல்லு, அது பளபளன்னு இல்லன்னு ஜனங்க முகம் சுளிச்சாங்கன்னு அடுத்த வருஷமே 186 காரட்டை 105 காரட் சொச்சத்துக்குத் தேய்ச்சுட்டாங்க.

இதெல்லாம் பத்தி நெறைய பேசியாச்சு. நான் சொல்ல வர்றது இந்தப் பகட்டுக்குப் பின்னாடி அடுக்கி வச்சிருந்த துணிகளைப் பத்தி. மஸ்லின், பட்டு, சரிகை, சால்வை, சாதா வேட்டித் துணி வரைக்கும். ஓவன் ஜோன்ஸ் மாதிரி உங்க ஊரு டிசைன் ஆளுங்களே அதைப் பாத்து அசந்து போனாங்க, எங்க மெஷின் துணியில கலரும் கோலமும் சேரல, இவங்க துணியில ஒரு இழை கூட இடம் மாறி நிக்கலன்னு எழுதி வச்சாங்க. டிசைன் ஸ்கூல்ல புள்ளைங்க பாத்துப் படிக்கணும்னு பொருட்காட்சியில இருந்து காசு குடுத்து சாமான் வாங்கினாங்க, அதுல இந்தியத் துணியும் நெறைய. அந்த வாங்கின சாமான்தான் உங்க மியூசியத்தோட முதல் சொத்து. அதாவது உங்க மியூசியத்துக்கு முதல் பாடம் எடுத்தவங்க எங்க ஊர்த் தறிக்காரங்க.

ஆனா அந்த வாத்தியாருக்குப் பேர் இல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிதான் மொத்த இந்தியாவுக்கும் கண்காட்சியாளர். ஜான் ஃபோர்ப்ஸ் ராயில்னு ஒருத்தர் லண்டன்ல இருந்து ஏற்பாடு பண்ணாரு, கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்னு கமிட்டி போட்டாங்க, கலெக்டருங்க, டாக்டருங்க, ராணுவ ஆபீஸருங்க, ராஜாக்கள்னு ஆளாளுக்குச் சேகரிச்சு அனுப்பினாங்க. கேட்டலாக்ல அனுப்பினவர் பேர் வரும், ஊர் பேர் வரும், ராஜா பேர் தவறாம வரும். பதக்கம் கம்பெனி பேர்ல போச்சு. இங்கிலாந்துல இருந்து வந்த ஒரு கத்தி செய்யற பட்டறைக்காரனுக்கு அவன் பேர்லயே ஸ்டால், அவன் பேர்லயே மெடல், அதை அவன் கடை போர்டுல போட்டு வியாபாரம் பண்ணலாம். எங்காளு நெய்த துணிக்கு மெடல் வந்ததே அவனுக்குத் தெரியாது.

இதை மறந்து போனதா சொல்ல முடியாது. மெட்ராஸ் கமிட்டிக்காரங்களுக்கு நெசவாளி யாருன்னு தெரியாமலா இருக்கும்? துணியை வாங்கினது யாரோ ஒருத்தர் கையிலேருந்துதானே. விலை பேசினவங்க பேரையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதணும்னு யாருக்கும் தோணல, ஏன்னா அவங்க கண்ணுக்கு அது ஒரு மனுஷன் செஞ்ச வேலை இல்ல, ஒரு ஜில்லாவோட விளைச்சல். மிளகு, அவுரி, தேக்கு வரிசையில ஆரணி மஸ்லினும்.

1855ல பாரிஸ் பொருட்காட்சி வந்துச்சு, அதுக்கு முன்னோட்டம் மாதிரி அதே வருஷம் மெட்ராஸ்லயே ஒரு பொருட்காட்சி நடந்துச்சு. எட்வர்ட் பால்ஃபோர், அலெக்சாண்டர் ஹண்டர்னு ரெண்டு டாக்டருங்க அப்போ மெட்ராஸ்ல இந்த வேலையில முன்னாடி நின்னாங்க. பால்ஃபோர் எழும்பூர் மியூசியத்தை ஆரம்பிச்சு வளர்த்தவரு, ஹண்டர் 1850ல ஆரம்பிச்ச ஸ்கூல்தான் இன்னிக்கு பெரியமேட்டுல இருக்கற கவின் கலைக் கல்லூரி. நல்லது பண்ணின மனுஷங்கதான், நான் இல்லேங்கல. அவங்க காலத்துலயும் பாரிஸுக்குப் போன மூட்டையில நெசவாளி பேர் போகல.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்த 1866க்கு வர்றேன். ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், இந்தியப் பொருட்களுக்கான ரிப்போர்ட்டர்னு லண்டன்ல உத்தியோகம். பொருட்காட்சிகளுக்குன்னு வந்து, லண்டன்ல அப்போ இருந்த இந்தியா மியூசியத்துல குமிஞ்சு கெடந்த துணிங்களை எடுத்து கத்திரிச்சு 700 சாம்பிள், 18 வால்யூம், அந்த மாதிரி 20 செட் தயார் பண்ணினாரு. 13 செட் பிரிட்டன்லயே, மான்செஸ்டர், கிளாஸ்கோ, பிரஸ்டன், பிராட்ஃபோர்டுன்னு மில்லு இருக்கற ஊருக்கு. 7 செட் இந்தியாவுக்கு, அதுல ஒண்ணு மெட்ராஸ்.

அந்த வால்யூம்ல ஒரு பக்கம் எப்படி இருக்கும்னா, கெட்டி அட்டை, அதுல ஒரு கையகலத்தை விடக் கொஞ்சம் பெரிசா நிஜத் துணித் துண்டு, படம் இல்ல, நிஜத் துணி. பக்கத்துல லேபிள். இது தலைப்பாகைத் துணி, இது புடவை, இது லுங்கின்னு போட்டிருக்கும், முழுத் துணியோட நீளம், அகலம், எடை, எந்த ஊர்ல நெய்தது, என்ன விலை. எடை வரைக்கும் இருக்கு பாருங்க! தராசுல வச்சு நிறுத்தி எழுதியிருக்காங்க. நெசவு தெரிஞ்சவனுக்கு இந்த அஞ்சு விவரம் போதும், கைக்கு அந்தத் துண்டும் கெடைச்சா ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழைன்னு லென்ஸ் வச்சு எண்ணிடலாம், நூல் எவ்வளவு சன்னம்ங்கற நம்பரைச் சொல்லிடலாம், கரை எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு பாத்துடலாம். அப்படியே எடுத்துட்டுப் போய் மில்லுல ஓட்டிடலாம். அதுக்குத்தான் அதைச் செஞ்சாங்க, வாட்சன் ஒளிக்கவே இல்ல. இந்திய ஜனங்க எதை விரும்பி உடுத்தறாங்கன்னு இதுல இருக்கு, பிரிட்டன்ல இருந்து சப்ளை பண்ணணும்னா இதை அங்க காப்பி பண்ணணும்னு கூடவே வந்த தன்னோட புத்தகத்துல தெளிவா எழுதினாரு.

அந்த மனுஷனுக்கு நெசவு புரிஞ்சிருந்துச்சு, அதையும் சொல்லணும். நம்ம உடுப்புல பாதிக்கு மேல தைக்காத துணி, தறியில இருந்து இறங்கின உடனே அது வேட்டி, அது புடவை, அதனால எத்தனை முழம், கரை எவ்வளவு அகலம், முந்தானை எங்க விழணும்ங்கறது தப்பினா யாரும் வாங்க மாட்டாங்க, பிரிட்டிஷ் மில்லுக்காரன் இது தெரியாமத்தான் கோட்டை விடறான்னு பிடிச்சாரு. சரியான பிடி. சரிகை வேலை, நுணுக்கமான வேலை எல்லாம் கைத்தறிக்கே இருக்கட்டும், சாதா ஜனம் கட்டற சாதாத் துணியை நாம மெஷின்ல அனுப்பிடலாம்னு கணக்குப் போட்டாரு. நெசவாளிங்க கதி என்ன ஆகும்னு கேட்டா, அவங்க உழைப்பு வேற தொழிலுக்கு, ஒருவேளை இன்னும் லாபமான தொழிலுக்குத் திரும்பிடும்னு எழுதினாரு.

தறியை விட்டு எந்தத் தொழிலுக்குத் திரும்பறது? நிலம் யாருகிட்ட இருந்துச்சு? சாதாத் துணிதான் பெரும்பாலான வீட்டுக்கு அடுப்பு எரிய வச்சுது, பட்டும் சரிகையும் நெய்யற வீடு ஊருக்குக் கொஞ்சம். அந்தப் புத்தகம் வந்து பத்து வருஷத்துல, 1876-78ல, தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்துல முதல்ல விழுந்தவங்கள்ல நெசவாளிங்களும் இருந்தாங்க, ஏன்னா சோத்துக்கே இல்லாதப்போ ஜனம் முதல்ல நிறுத்தறது துணி வாங்கறதைத்தான். பஞ்சத்துக்கு இந்த 18 வால்யூமைக் காரணம் சொல்லல, அப்படிச் சொன்னா அது பொய். இங்கிலாந்து லங்காஷயர் மில்லுத் துணி அதுக்கு முந்தியே கப்பல் கப்பலா வந்துட்டுதான் இருந்துச்சு. நான் சொல்றது, ஒரு தொழிலைக் கையில வச்சிருந்த ஜனத்துக்கிட்டயே துணியை வாங்கி, நிறுத்து, அளந்து, கத்திரிச்சு, அவங்க போட்டியாளன் மேஜையில கொண்டு போய் வச்சதுல அரசாங்கமே தரகரா நின்னுச்சு, அதுல நெய்தவன் பேரை மட்டும் விட்டுட்டாங்கங்கறதை.

அந்தத் துண்டுங்களைப் பாத்தா இன்னொண்ணும் தோணும். ஒரு புடவையை வெட்டினா அது புடவை இல்ல. பாவு ஓட்டி, பழைய பாவோட புது பாவை இழை இழையா விரல்ல பிணைச்சு, முந்திக்குன்னு தனியாக் கணக்குப் போட்டு, முதல் முழத்துல இருந்து கடைசி முழம் வரைக்கும் ஒரே கையோட தட்டு விழணும்னு பாத்துப் பாத்து நெய்யறது அது. இதைக் குறுக்க வெட்டறதை எங்க வீட்டுப் பெரியவங்க கண்ணால பாக்க மாட்டாங்க. 20 செட்டுக்கு ஒரே மாதிரி வேணும்னா ஒரு முழுத் துணி 20 துண்டாகுது. அந்த முழுத் துணி இனி உலகத்துல எங்கயும் இல்ல.

அப்புறம் 1886. கலோனியல் அண்ட் இந்தியன் எக்ஸிபிஷன், உங்க சவுத் கென்சிங்டன்லயே, மே 4ந்தேதி ராணி விக்டோரியா திறந்து வச்சாங்க, நவம்பர் வரைக்கும் 55 லட்சம் பேர் வந்தாங்க. இந்தத் தடவை துணியும் பானையும் மட்டும் பத்தாதுன்னு செய்யறவங்களையே கொண்டு வந்தாங்க. இந்திய அரண்மனைன்னு கட்டின முற்றத்துல 30க்கு மேற்பட்ட கைவினைக்காரங்க தினமும் உக்காந்து வேலை செய்யணும், சுத்தி நின்னு கூட்டம் பாக்கும். பரம்பரை பரம்பரையா கிராமத்துல செய்யற தொழில்னு விளம்பரம். உண்மையில அதுல பெரும்பாலானவங்க ஆக்ரா ஜெயில்ல இருந்து வந்தவங்க, அந்த ஜெயில் சூப்பரிண்டெண்ட் டாக்டர் டைலர் கூட்டிட்டு வந்தாரு. பல பேர் கார்ப்பெட் கட்டறதைக் கத்துக்கிட்டதே ஜெயிலுக்குள்ள. அன்னிக்கு ஜெயில் கார்ப்பெட் பெரிய ஏற்றுமதி வியாபாரம், கூலி குடுக்க வேண்டாத கை. வெளியில காசு குடுத்து ஆள் வச்சு கட்டற பட்டறைக்காரன் இதோட எப்படிப் போட்டி போடுவான்? ஜார்ஜ் பேர்ட்வுட் மாதிரி உங்க ஆளுங்களே இதனால பழைய கார்ப்பெட் தொழில் நாசமாகுதுன்னு கண்டிச்சு எழுதினாங்க.

அவங்கள்ல ஒருத்தர் பக்ஷிராம், ஆக்ராக்காரர், குயவர். வயசு 102ன்னு எழுதி வச்சிருக்காங்க. ருடால்ஃப் ஸ்வோபோடான்னு ஒரு ஓவியரை விட்டு ராணி இவங்கள்ல சில பேரைப் படம் வரையச் சொன்னாங்க, அந்த வரிசையில பக்ஷிராம் படம் இன்னும் இருக்கு. தலப்பா, நரைச்ச தாடி, சுருங்கின முகம். கை எப்படிப்பட்ட கைன்னு பாக்கணும்னு எனக்கு ஆசை, ஆனா படத்துல முகம்தான் பெரிசு. அந்த வயசுல கடல் தாண்டி வந்து, தெரியாத பாஷை பேசற கூட்டத்துக்கு நடுவுல சக்கரம் சுத்தின மனுஷனுக்குப் பேர் மிஞ்சினதுக்குக் காரணம் ராணிக்கு முகம் பிடிச்சிருந்துச்சுங்கறது மட்டும்தான். அவர் வனைஞ்ச பானைக்காக அந்தப் பேரை யாரும் எழுதி வைக்கல.

அதே பொருட்காட்சிக்கு அரசாங்க உத்தியோகத்துல போன வங்காளத்துக்காரர் த்ரைலோக்யநாத் முகர்ஜி, படிச்சவரு, இங்கிலீஷ்ல புத்தகம் எழுதினவரு. அவரே போற எடமெல்லாம் தன்னைக் காட்சிப்பொருள் மாதிரி முறைச்சுப் பாத்தாங்கன்னு எழுதி வச்சிருக்காரு. ஆபீஸருக்கே அந்த நிலைமைன்னா முற்றத்துல உக்காந்திருந்தவங்க நிலைமையைச் சொல்லவா வேணும்?

சரி, இப்போ என்ன செய்யணும்னு கேக்கறீங்க.

மியூசியத்துக்கு முதல்ல. பொருட்காட்சி வழியா உங்ககிட்ட வந்த இந்தியச் சாமான் ஒவ்வொண்ணுக்கும், செஞ்சவர் பேர் இல்லன்னா அதை வெறுமே விட்டுடாம, ஏன் இல்லன்னு லேபிள்லயே ஒரு வரி எழுதுங்க. இன்ன வருஷம் இன்ன கமிட்டி சேகரிச்சுது, செஞ்சவர் பேரை அவங்க பதிவு பண்ணலன்னு. அது உண்மை, ஒரு வரிதான். பாக்கறவங்களுக்கு அந்தத் துணிக்குப் பின்னால ஒரு ஆள் இருந்தான்னாவது தெரியும். பேர் கெடைக்க வழி இருக்கற எடமும் உண்டு. 1886ல வந்தவங்களைப் பத்தி ஜெயில் கணக்கு, கப்பல் கணக்கு, கான்ட்ராக்ட் பேப்பர்னு இருந்துதானே ஆகணும், அதை ஒரு ஆள் போட்டுத் தேடச் சொல்லுங்க. அந்தப் பேருங்களை சவுத் கென்சிங்டன்ல, அந்த முற்றம் இருந்த எடத்துல, கல்லுல வெட்டி வையுங்க. அந்த ஏரியா முழுக்க சிலைதான், இவங்களுக்கும் ஒரு சுவர் இருக்கட்டும்.

அடுத்தது கமிஷனுக்கு. உங்க சாசனத்துலயே தொழில் கல்வியை வளர்க்கறது, அறிவியலும் கலையும் உற்பத்தித் தொழிலுக்குப் பயன்படணும்ங்கறதுதான் நோக்கம்னு இருக்கு. நெசவை விடப் பொருத்தமான உற்பத்தித் தொழில் எது? 1851ல அந்த 60 லட்சம் டிக்கெட்டுல ஒரு பங்காவது நம்ம துணிக்கும் கல்லுக்கும் சிம்மாசனத்துக்கும் வந்த கூட்டம், அந்த லாபத்துல இருந்து இன்னிக்கும் ஸ்காலர்ஷிப் போகுது. அதுல இந்தியாவுல தறியில வேலை செய்யறவங்களுக்குன்னு சிலதை ஒதுக்குங்க. டிகிரி கேக்காதீங்க. நெசவாளி வீட்டுப் பொண்ணுக்கும் பையனுக்கும், அம்பது வயசு தாண்டின கைகாரருக்கும், லண்டன் வந்து தன் ஊர்ல நெய்த துணியை நேர்ல தொட்டுப் பாத்து, இழை எண்ணி, திரும்பி வந்து அதை மறுபடி தறியில ஏத்தறதுக்கு எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாளைக்குப் பணம் குடுங்க. மில்லுக்காரனுக்கு 1866ல அந்தத் துண்டுங்களை வீட்டு வாசல்ல கொண்டு போய்க் குடுத்தாங்க. காப்பி அடிக்க அவனுக்குக் கெடைச்ச வசதி, தன் சொந்த வேலையைப் பாக்க எங்காளுக்கும் கெடைக்கட்டும்.

இன்னிக்குக் கைத்தறியில இருக்கறவங்களுக்கு விசைத்தறியும், கைத்தறின்னு பொய் சொல்லி விக்கற டூப்ளிகேட்டும்தான் தலைவலி, லண்டன்ல இருக்கற பழைய துண்டு என்ன சோறு போடுமான்னு எங்க ஊர்லயே சில பேர் கேக்கறாங்க. நியாயமான கேள்வி. ஆனா வியாபாரிகிட்ட போய் இது எங்க ஊரு டிசைன்னு ஒரு நெசவாளி சொன்னா, என்ன ஆதாரம்னு கேக்கறான். புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பம் போட்டாலும் பழைய ஆதாரம் கேக்கறாங்க. அந்த ஆதாரம் உங்க பீரோவுல இருக்கு, ஊர் பேரோட, எடையோட, விலையோட. 150 வருஷத்துக்கு முந்தி இந்த ஊர்ல இந்தக் கரை போட்டு நெய்தாங்கன்னு அரசாங்க முத்திரையோட இருக்கற சாட்சி அது. அதனால எங்களுக்கு இது வெறும் பழங்கதை கெடையாது.

கடைசியா ஒண்ணு, இதுக்குப் பெரிய பட்ஜெட் வேணாம். அந்த 700 சாம்பிள்ல மெட்ராஸ் மாகாணத்துத் துணிங்களை மட்டும் முதல்ல பிரிச்சு, ஒவ்வொண்ணோட ஃபோட்டோ, அளவு, எடை, ஊர், விலை எல்லாத்தையும் தமிழ்லயும் தெலுங்குலயும் இலவசமா நெட்ல போடுங்க, கரை பக்கம் இழை எண்ணற அளவுக்கு க்ளோசப் ஃபோட்டோவா இருக்கட்டும். அன்னிக்கு வெள்ளைக்காரங்க காதுல விழுந்தபடி எழுதின ஊர் பேருங்க பலது இன்னிக்கு யாருக்கும் புரியாது, அதைச் சரி பண்ணித் தர எங்க பக்கம் ஆளுங்க இருக்கோம், துணி என்ன வகை, என்ன கட்டு, எதுக்குக் கட்டினதுன்னு சொல்ல எழுபது எண்பது வயசுத் தறிக்காரங்க இன்னும் உயிரோட இருக்காங்க. அவங்க இருக்கும்போதே லிஸ்ட்டை அனுப்புங்க.

இப்படிக்கு,
ஆரணிப் பக்கத்து நெசவாளி மகன்